சுடாத பல்பு

இந்தக் காலத்தில் எவனுக்கும், எதிரில் வருகிறவனுக்கும் கண் இருக்கிறது என்ற நினைப்பே கிடையாது. பைக் வாங்கிய மறுநாளே ஹெட்லைட்டை வானத்தைப் பார்க்கத் திருப்பி வைத்துக்கொள்கிறான். டிம் பண்ணப்பா என்று ஹாரன் அடித்தால், தெரிந்தவர் யாரோ கூப்பிடுகிறார் என்பதுபோல அவனும் சந்தோஷமாகத் திருப்பி அடித்துவிட்டுப் போகிறான். ஆட்டோவுக்கு வயிற்றில் நீல வெளிச்சம். டிப்பர் லாரிக்கு நெற்றியில் பச்சை வெளிச்சம். எதிரே வருவது ஜல்லி லோடா, மாதா தேர் பவனியா என்று சிலுவை போட்டுக்கொண்ட பிறகுதான் தெரிகிறது.

இப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்த தைரியநாதனின் வண்டிக்கே எல்.இ.டி. பல்பு போட வேண்டும் என்று வந்துவிட்டது. மனுஷன் யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

தைரியநாதன் நெய்வேலியில் வேன் ஓட்டுகிறவர். வயது அறுபத்தைந்துக்கு மேல். சரியாகச் சொல்ல முடியாது. ஞானஸ்நானம் கொடுத்த சாமியார் எழுதிவைத்த பிறந்த தேதியையே அவர் நம்பவில்லை. பள்ளிக்கூடத்துக்கும் அவருக்கும் மூன்றாம் வகுப்போடு ஒத்துவராமல் போனது. அதற்குப் பிறகு எந்த வாத்தியார் சொன்னாலும், எந்த டாக்டர் சொன்னாலும், தன் கையால் தொட்டுப் பார்க்காமல் எதையும் ஏற்றுக்கொண்டதில்லை. காயத்தைத் தொட்டுப் பார்த்த பிறகே ஏசுவை நம்பிய சீடரின் பெயரால், பங்குச் சாமியார் அவரைத் 'தோமையாரே' என்றுதான் கூப்பிடுவார். அதைத் தைரியநாதன் பாராட்டாகவே எடுத்துக்கொண்டிருந்தார்.

வண்டி ஒரு மெட்டடோர். வெள்ளை நிறம் என்று ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிறது. மைன்ஸைச் சுற்றி ஓடுகிற எந்த வெள்ளை வண்டிதான் வெள்ளையாக இருக்கிறது? சுரங்கத்திலிருந்து வெட்டிக் கொட்டிய மண், மலை மாதிரி குவிந்து கிடக்கும். அந்த மண்மேட்டில் மரக்கன்று நடுகிற காண்ட்ராக்ட் வேலைக்குப் பெண்களை வடலூரிலிருந்து விடியற்காலையில் ஏற்றிவந்து இறக்குவார். சாயங்காலம் திரும்பக் கொண்டுபோய் விடுவார். அதுதான் அவருடைய ட்ரிப்.

அந்த ட்ரிப்புக்குத்தான் வேட்டு வைத்தான் மணிமாறன். அவன் காண்ட்ராக்டரின் சூப்பர்வைசர். தலையில் மஞ்சள் ஹெல்மெட், வாயில் எப்போதும் சேஃப்டி.

"பெரியவரே, பனியில உங்க வண்டிக்குப் பின்னால வந்தா ஒண்ணுமே தெரியல. நேத்து நானே பைக்ல வந்து முட்டப் பாத்தேன்."

"முட்டலயே?"

"முட்டியிருந்தா?"

"தம்பி, பின்னால வர்றவன்தான் முன்னால பாத்து வரணும். நான் என்ன பின்னால பாத்துகினா ஓட்ட முடியும்?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. பொங்கல் கழிச்சு புது ஆர்டர் போடறாங்க. பின்னாடி ரெண்டு லைட்டும் பளிச்சுனு தெரியணும். இப்ப எல்.இ.டி.னு வருது, அதைப் போடுங்க. வெள்ளிக்கிழமை காலையில மைன்ஸ் கேட்ல நின்னு நானே பாப்பேன். தெரியலன்னா ட்ரிப்பை வெள்ளைச்சாமிக்கு மாத்திடுவேன். அப்புறம் என்மேல வருத்தப்படாதீங்க."

வெள்ளைச்சாமி இன்னொரு வேன்காரன். மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவன். வடலூருக்கு அப்பாலுள்ள கிராமங்களிலிருந்து அதே காண்ட்ராக்டுக்கு ஆண்களை ஏற்றுகிறவன். மணிமாறனுக்கு இந்த யோசனையை ஊதிவிட்டதே அவன்தான் என்று தைரியநாதன் அந்த நிமிஷமே முடிவு கட்டினார். சாட்சி எதுவும் இல்லை. வெள்ளைச்சாமி எப்போது பார்த்தாலும் சிரித்த முகமாக வணக்கம் சொல்லுவான். அது ஒன்று போதாதா?

ட்ரிப் போனால் வண்டி போனமாதிரிதான். மகள் நான்சி ஏற்கெனவே வண்டியை விற்றுவிடச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். வண்டியும் போய்விட்டால், மருமகனுடைய குவார்ட்டர்ஸ் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஷிஃப்டுக்குப் போகிறவனையும் வருகிறவனையும் பார்த்து "சாப்டாச்சா?" என்று கேட்டுக்கொண்டே காலத்தை ஓட்ட வேண்டியதுதான். அதே பிளாக்கில் அப்படி நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைப் பார்த்தாலே தைரியநாதனுக்கு முதுகு வலித்தது.

மருமகன் ஜாஸ்பர் தெர்மல் மின் நிலையத்தில் எலக்ட்ரிகல் பிரிவில் பெர்மனென்ட். சென்னைக்குப் போன நண்பனிடம் சொல்லி இரண்டு எல்.இ.டி. பல்புகளை வரவழைத்துவிட்டான். தனக்கு ஆஃப் கிடைத்த நாளில், குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் முருங்கை மரத்தடியில் வண்டியை நிறுத்தி, சிவப்புக் கண்ணாடிகளைக் கழற்றி, பழைய பல்புகளை எடுத்துவிட்டுப் புதியதை மாட்டினான். பழைய பல்புகளின் வயிறு கறுத்துப்போயிருந்தது. உள்ளே வெளிச்சத்தைத் திருப்பியடிக்க வேண்டிய தகடு துருப்பிடித்துக் காவிக்கல் மாதிரி இருந்தது.

"சுவிட்சைப் போடுங்க மாமா."

தைரியநாதன் போட்டார். இறங்கிப் பின்னால் வந்தார். வந்தவர் விளக்கைப் பார்க்கவில்லை. உள்ளங்கையை நீட்டிக் கண்ணாடிமேல் வைத்தார்.

அவர் வழக்கம் அது. தினமும் வண்டியை எடுக்குமுன் விளக்கைப் போட்டுவிட்டு, டீ குடித்துவிட்டு வந்து, பின்னால் இரண்டு பக்கமும் கையை வைத்துப் பார்ப்பார். கண்ணாடி கதகதவென்று இருந்தால் பல்பு எரிகிறது. இல்லாவிட்டால் செத்துவிட்டது. நிலக்கரித் தூசு அப்பிய கண்ணாடியில் கண்ணால் பார்த்து என்ன தெரியும்? கண் ஏமாறும், கை ஏமாறாது என்பது அவர் கட்சி. அவரைப் பார்த்து வேன் ஸ்டாண்டில் நிற்கிற மற்ற டிரைவர்கள் சிலரும் அப்படியே தொட்டுப் பார்க்கப் பழகியிருந்தார்கள்.

கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றார். மறுபக்கம் போய் அங்கேயும் வைத்துப் பார்த்தார்.

"மாப்ள, இது எரியல."

"எரியுது மாமா. பாருங்க, எப்படிச் செவசெவன்னு இருக்கு."

"பாக்குறேன். சுடலையே."

"சுடாது மாமா. அதான் இதோட விசேஷமே. கரண்டு சூடா வீணாப் போறதில்ல. வெளிச்சமாவே வந்துடுது."

"சூடு எங்க போச்சு?"

"சூடே கெடையாது மாமா."

தைரியநாதன் மருமகனை மேலும் கீழும் பார்த்தார். "மாப்ள, நீங்க தெர்மல்ல வேலை பாக்குறீங்க. கரியக் கொளுத்தி, தண்ணியக் கொதிக்க வச்சு, ஆவியில சக்கரத்தச் சுத்தவுட்டு கரண்டு எடுக்குறீங்க. பொறப்புலயே சூடான சாமான் அது. இந்தப் பல்புக்குள்ள போனா மட்டும் ஜில்லுனு ஆயிடுமா?"

"மாமா, வண்டியில வர்றது பேட்டரி கரண்டு."

"எந்தக் கரண்டா இருந்தா என்ன? உள்ள போவுது. சூடு வெளிய வரல. அப்ப நடுவுல எவனோ திங்குறான்."

ஜாஸ்பர் ஸ்க்ரூ டிரைவரைப் பையில் போட்டுக்கொண்டான். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த நான்சி சிரிப்பை அடக்க ஈரப் புடவைக்குப் பின்னால் மறைந்துகொண்டாள். "அப்பா, ட்ரிப்பு வேணுமா வேணாமா? வாயை மூடிக்கினு ஓட்டுங்க," என்று குரல் மட்டும் வந்தது.

தைரியநாதன் வாயை மூடிக்கொண்டார். மூளையை மூடவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் வண்டியைத் துடைக்கும்போது அவருக்கு ஒரு யோசனை வந்தது. இரண்டு பல்பும் ஒரே கடை, ஒரே டப்பா. ஒன்று செத்தால் மற்றதும் கூடவே சாகும். பழையது ஒன்றாவது இருந்தால் ஒரு கண்ணாவது மிஞ்சும். மாப்பிள்ளை மனசும் கோணாது, வண்டிக்கும் பாதுகாப்பு. எந்தப் பக்கம் பழையதைப் போடுவது? ரோட்டைப் பார்த்த பக்கம் வலது பக்கம். ஓவர்டேக் எடுக்கிறவன் அந்தப் பக்கம்தான் வருவான். ஆகவே நம்பிக்கையான பல்பு அந்தப் பக்கம்தான் இருக்க வேண்டும்.

வலது கண்ணாடியைக் கழற்றி, ஜாஸ்பர் மாட்டிய எல்.இ.டி.யை எடுத்துச் சட்டைப் பையில் போட்டார். கறுத்த பழைய பல்பை அமுக்கித் திருகினார். சுவிட்சைப் போட்டுக் கையை வைத்துக் காத்திருந்தார். கொஞ்சங்கொஞ்சமாகக் கண்ணாடி சூடேறியது. தைரியநாதனின் முகம் மலர்ந்தது. யாரிடமும் அவர் இதைச் சொல்லவில்லை. சொன்னால் விளக்கம் கொடுப்பார்கள்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை. தை பிறக்கப்போகிற சமயத்துப் பனி. வடலூர் நாலு ரோட்டில் எதிர்க்கடை தெரியவில்லை. வேலைக்குப் போகிற பெண்கள் முக்காட்டைக் காதுவரை இழுத்துவிட்டு வண்டிக்குப் பின்னால் நின்றிருந்தார்கள். மாணிக்கம்மாள் வழக்கம்போல வலது பக்கச் சிவப்புக் கண்ணாடியில் இரண்டு கையையும் ஒட்டிக் குளிர் காய்ந்தாள். அந்தக் கூட்டத்துக்கு அவள்தான் வாய்.

"ஏ தனம், அந்தப் பக்கம் கை வையேன்."

தனம் இடது பக்கம் வைத்துவிட்டு வெடுக்கென்று எடுத்தாள். "ஐயே, ஐஸ் மாதிரி இருக்குது!"

"டைவரே, இன்னா இது? ஒரு பக்கம் காயுது, ஒரு பக்கம் ஜில்லுனு கீது. பாதி வண்டிக்கு மட்டும் ஜொரமா?"

"ஏறு ஏறு. வண்டிக்கு வைத்தியம் பாக்க வந்துட்டா."

வண்டி கிளம்பியது. நெய்வேலி ரோட்டில் பனி இன்னும் கெட்டியாக இருந்தது. புளியமரங்கள் திடீர் திடீரென்று பக்கத்தில் முளைத்து மறைந்தன. தைரியநாதன் இடது ஓரமாக, மெதுவாக, முகத்தைக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு ஓட்டினார். உள்ளே செல்லக்கிளி தன் மாமியாரைப் பற்றி ஏதோ சொல்ல, பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

சிரிப்பு முடிவதற்குள் பின்னால் ஒரு ஹாரன் அலறியது. பிரேக் கிறீச்சிட்டது. வண்டியின் வலது மூலையில் சர்ரென்று தகரம் கிழிகிற மாதிரி ஒரு சத்தம். மெட்டடோர் ஓர் ஆட்டம் ஆடி ஓரத்து மண்ணில் இறங்கி நின்றது. உள்ளே "ஐயோ ஆத்தா!" என்று ஒரே குரல். இவர்களைக் கடந்து போன இன்னொரு வேன் கொஞ்ச தூரத்தில் நின்றது. உள்ளேயிருந்த ஆண்கள் ஜன்னல் வழியே எட்டிப் பார்க்க, டிரைவர் சீட்டிலிருந்து ஓர் ஆள் இறங்கி ஓடி வந்தான்.

வெள்ளைச்சாமி.

"அண்ணே! யாருக்கும் அடி கிடி இல்லையேண்ணே?"

யாருக்கும் அடியில்லை. செல்லக்கிளியின் தூக்கு கவிழ்ந்து சாம்பார் சீட்டில் ஓடியிருந்தது. மெட்டடோரின் மூலையில் ஒரு முழத்துக்குக் கீறல். வெள்ளைச்சாமியின் வண்டியில் பக்கவாட்டுக் கண்ணாடி சில்லுச் சில்லாக உடைந்து தொங்கியது.

"எலே, கண்ணு என்னா பொடனியிலயா இருக்குது?" தைரியநாதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். "ட்ரிப்பு வேணும்னா வாய வுட்டுக் கேளு. அதுக்கு வண்டிய இடிப்பியா?"

"என் கண்ணாடிய நானே ஒடைச்சுக்கிட்டா ட்ரிப்பு கேப்பேன்? பனியில ஒத்த லைட்டுதாண்ணே தெரிஞ்சுச்சு. எவனோ டிவிஎஸ்ல ஓரமாப் போறான்னு நெனச்சு, அவனுக்கு வேண்டிய மட்டும் வெலகுனேன். கிட்ட வந்தா டிவிஎஸ் பக்கத்துல முழு வேன் ஒண்ணு நிக்குது!"

"எவன் அவன் டிவிஎஸ்காரன்?"

"நீங்கதாண்ணே."

தைரியநாதனுக்கு உள்ளுக்குள் ஒரு வெற்றிச் சிரிப்பு எழுந்தது. ஒற்றை விளக்கு! மாப்பிள்ளை போட்ட பல்பு செத்துவிட்டது. அவர் அன்றைக்கே சொன்னார். நல்லவேளை, பழையது ஒன்றை மாட்டி வைத்தோம்.

"வா இங்க," என்று வெள்ளைச்சாமியின் கையைப் பிடித்து இழுத்துப்போய் வலது கண்ணாடிமேல் வைத்தார். "எப்படி இருக்குது?"

"சூடா இருக்குண்ணே."

இடது கண்ணாடிமேல் வைத்தார். "இது?"

"ஜில்லுனு இருக்கு."

"ஆங்! அது எரியல. எங்க மாப்ள போட்ட பல்பு. செத்துப்போச்சு. எரிஞ்சது என் பல்புதான். அது இருந்ததாலதான் நீ இந்த மட்டும் பாத்த."

வெள்ளைச்சாமி தலையைச் சொறிந்தான். "அண்ணே, நான் பாத்தது இடது பக்கத்து லைட்டு. அதனாலதான வலப்பக்கம் இடம் இருக்குன்னு வந்தேன்?"

பெண்கள் எல்லோரும் இறங்கிவிட்டிருந்தார்கள். மாணிக்கம்மாள் புடவையை இடுப்பில் செருகினாள். "சும்மா கத்திக்கினு நிக்காதீங்க. நான் போய்ப் பாக்குறேன்," என்று வந்த வழியே பனிக்குள் நடந்தாள். தனமும் கூடவே போனாள். கொஞ்ச நேரத்தில் ஆளே தெரியவில்லை. குரல் மட்டும் வந்தது.

"டைவரே! பீச்சாங்கை பக்கம் செவப்பாத் தெரியுது!"

"சோத்தாங்கை பக்கம்?"

"ஒண்ணுமே இல்ல! இருட்டு!"

"நல்லாப் பாரு, சனியனே!"

"நீயே வந்து பாரு!"

போகாமல் தப்பிக்க முடியவில்லை. தைரியநாதன் நடந்தார். மாணிக்கம்மாள் பக்கத்தில் போய் நின்று திரும்பினார். வண்டி தெரியவில்லை. வண்டி இருக்க வேண்டிய இடத்தில் இடது பக்கம் ஒரே ஒரு சிவப்பு, நெருப்புக் கங்கு மாதிரி நின்றது. வலது பக்கம் பனி. கண்ணைக் கசக்கினார். அப்போதும் பனி.

அவர் வாழ்நாளில் இப்படி ஓர் அநியாயத்தைப் பார்த்ததில்லை. சூடாக இருப்பது தெரியவில்லை. செத்த பிணம் மாதிரி குளிர்ந்து கிடப்பது தெரிகிறது.

"எனக்கு இன்னிக்குக் கண்ணு ஒரு மாதிரியா இருக்குது," என்றார்.

மாணிக்கம்மாள் இடுப்பில் கை வைத்தாள். "அப்படியா? கண்ணு தெரியலன்னா நீ இன்னாத்துக்கு ஸ்டேரிங்கப் புடிச்சிகினு கீற? நாங்க பதினஞ்சு பொம்பளைங்க புள்ள குட்டிய வூட்ல வுட்டுட்டு வந்து உன் வண்டியில ஏறுறோம்."

"கண்ணு நல்லாதான் இருக்குது. நான் சும்மா சொன்னேன்."

"நல்லா இருக்குதா? அப்ப ஒரு லைட்டுதான தெரியுது?"

தைரியநாதன் மறுபடியும் கண்ணைக் கசக்கினார்.

"ஒண்ணு, கண்ணு கெட்டுப்போச்சுன்னு சொல்லு. நாங்க வெள்ளைச்சாமி வண்டியில நெருக்கிகினு போறோம். இல்ல, பல்பு கெட்டுப்போச்சுன்னு சொல்லு. மாத்து, ஏறுறோம். ரெண்டுல ஒண்ணு சொல்லு டைவரே. மணிமாறன் கேட்ல நிப்பான்."

இப்படி மடக்குகிறவளை மண்மேட்டில் கன்று நட அனுப்பிவிட்டு, யார் யாரையோ வக்கீலுக்குப் படிக்கவைக்கிறார்கள் என்று தைரியநாதன் நினைத்தார். கண் என்று சொன்னால் ட்ரிப் இப்போதே போகும்; வண்டி போகும்; வாசல், நாற்காலி, சாப்டாச்சா. பல்பு என்று சொன்னால் மாப்பிள்ளை ஜெயிப்பான்.

வண்டிக்குத் திரும்பி நடந்தார். சீட்டுக்கு அடியிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். வலது கண்ணாடியைக் கழற்றி, பழைய பல்பைத் தொட்டவர் "ஸ்ஸ்" என்று விரலை உதறினார்.

"சுட்டுடுச்சா அண்ணே?" என்றான் வெள்ளைச்சாமி.

"நல்ல பல்பு. சுடத்தான் செய்யும்."

துண்டால் பிடித்து அதைக் கழற்றினார். சட்டைப் பையிலிருந்து எல்.இ.டி.யை எடுத்துவிட்டு, பழையதை அதே பையில் போட்டார். செல்லக்கிளி பார்த்துவிட்டாள். "அடப்பாவி! பாக்கெட்லயே வச்சிகினுதான் இத்தினி நேரம் வாதாடுனியா?"

"வாய மூடிக்கினு அந்தக் கண்ணாடியப் புடி."

மாட்டினார். பனிக்குள்ளிருந்து மாணிக்கம்மாளின் குரல் வந்தது. "இப்ப ரெண்டு கண்ணும் முழிச்சிகிச்சு!" பெண்கள் கைதட்டினார்கள். சாம்பார் சிந்திய சீட்டில் யார் உட்காருவது என்று சண்டை போட்டுக்கொண்டே ஏறினார்கள். வெள்ளைச்சாமி தன் வண்டியை மெதுவாகப் பின்னால் ஓட்டிக்கொண்டு கேட் வரைக்கும் வந்தான். அவன் ஏன் அப்படி வந்தான் என்பதைத் தைரியநாதனால் கண்டுபிடிக்க முடியவில்லை.

கேட்டில் மணிமாறன் ஹெல்மெட்டோடு நின்றிருந்தான். வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு, எட்டிப் போய் நின்று பார்த்தான். இன்னும் எட்டிப் போனான். திரும்பி வந்தபோது முகத்தில் சிரிப்பு.

"பிரமாதம் பெரியவரே. அந்தக் கோடியிலிருந்து தெரியுது. ட்ரிப்பு உங்களுக்குத்தான்." பிறகு கீறலைக் கவனித்தான். "இது என்ன?"

தைரியநாதன் வாயைத் திறப்பதற்குள் வெள்ளைச்சாமி முந்திக்கொண்டான். "நான்தான் சார் பனியில லேசா ஒரசிட்டேன். அண்ணன்மேல தப்பில்ல."

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாணிக்கம்மாள் தைரியநாதனின் சட்டைப் பையை ஒரு பார்வை பார்த்தாள். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மற்றவர்களோடு மேட்டுப் பக்கம் போனாள். தைரியநாதன் வெள்ளைச்சாமியை ஓரக்கண்ணால் பார்த்தார். இப்படி ஒருத்தன் சும்மா நல்லவனாக இருப்பானா? இதில் என்ன உள்குத்து இருக்கிறதோ.

"அப்ப ஒத்துக்கறீங்களா?" என்றான் மணிமாறன். "எல்.இ.டி. நல்லதுதானே?"

"பனிக்குத் தெரியுது. அது சரி. சித்திரை வெயில்ல தாங்குதான்னு பாக்கணும்."

"சித்திரை வெயில்ல எதுக்குப் பெரியவரே லைட்டைப் போடப் போறீங்க?"

தைரியநாதன் துண்டை உதறித் தோளில் போட்டார். சட்டைப் பையில் பழைய பல்பு இன்னும் லேசான வெதுவெதுப்போடு இருந்தது.

"எல்லாத்துக்கும் ஒரு பதில் வச்சிருப்பானுங்க," என்று சொல்லிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல் டீக்கடைப் பக்கம் நடந்தார்.